அம்மாவின் இடது பக்கம்

மழைக்காலம் முடிந்து, உப்பளத்தில் தேங்கியிருந்த தண்ணீரை வடிக்கத் தொடங்கிய வாரத்தில் அம்மாவுக்கு அந்த வலி வந்தது. இடுப்புக்குக் கீழே, இடது பிட்டத்துக்குள், விரலால் தொட முடியாத ஆழத்தில். அவள் விழவில்லை. அடிபடவில்லை. பெரிய பாரம் எதையும் தூக்கவில்லை. காலையில் எழுந்து அடுப்பு மூட்டக் குந்தினாள். குந்திய இடத்திலிருந்து அவளால் எழுந்திருக்க முடியவில்லை.

அவளுக்கு அப்போது வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. பிறந்த வருடம் அவளுக்கே தெரியாது. மரக்காணத்து உப்பளத்தில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வேலை. தை மாதம் பொங்கல் கழிந்ததும் பாத்தி மிதிப்பது தொடங்கும். உப்பு விளைவதற்கு முன் பாத்தியின் களிமண் தரையைக் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் உப்புநீர் மண்ணுக்குள் இறங்கிவிடும், வாரும்போது உப்போடு சேறும் வரும். பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாக நின்று, ஒருத்தி குரல் கொடுக்க, எல்லோரும் ஒரே நேரத்தில் மிதிப்பார்கள். எங்கள் ஊர் வரிசைக்கு முன்னால் நின்று குரல் கொடுப்பவள் அம்மா. பல வருடங்களாக அந்த இடம் அவளுடையது. பொங்கலுக்குள் நேராக நிற்க முடியாவிட்டால் அது வேறொருத்திக்குப் போகும். இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

நான் அதே உப்பளத்தின் ஆய்வுக்கொட்டகையில் வேலை செய்தேன். புதுச்சேரியில் வேதியியல் படித்துவிட்டு வந்திருந்தேன். ஒவ்வொரு பாத்தியிலிருந்தும் நீர் எடுத்து, அடர்த்தி பார்த்து, எந்த நீரை எப்போது அடுத்த பாத்திக்குத் திறந்துவிடலாம் என்று சொல்வது என் வேலை. ஆய்வுக்கூடத்தில் முதலில் கற்றுக்கொடுத்தது ஒரே ஒரு விதி: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

எங்கள் வீட்டில் ஒரே நாளில் ஐந்தை மாற்றினார்கள். விளக்கெண்ணெய் தேய்த்தார்கள். நொச்சி இலை போட்டு வெந்நீர் ஊற்றினார்கள். உளுந்தங்களி கிளறினார்கள். அப்பா அனுமந்தையிலிருந்து ஏதோ தைலம் வாங்கி வந்தார். பக்கத்து வீட்டிலிருந்து உப்பு ஒத்தடம் வந்தது. அதற்கு எடுத்தது போன கோடையில் வாரி, மழையில் ஈரமேறிப்போன உப்பு. வாணலியில் அது வறுபடவில்லை, வெந்தது. துணிமுடிச்சு வழியாகச் சுடுநீர் கசிந்து அம்மாவின் தோலில் ஒரு சிவப்பு வட்டம் போட்டது. உப்பளத்துக்காரர்கள் வீட்டில் காய்ந்த உப்பு இருக்காது என்பதை அன்றுதான் கவனித்தேன். கடையில் ஒரு பொட்டலம் வாங்கி வந்து வறுத்துக் கொடுத்தேன்.

திண்டிவனத்தில் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அம்மா அவரிடம், "இடுப்பு வலிங்க" என்றாள்.

"எங்க, காட்டுங்க."

அம்மா இடுப்பைக் காட்டினாள். வலி இருந்த இடத்திலிருந்து அது ஒரு சாண் மேலே. நான் குறுக்கிட்டு, "அங்க இல்லங்க டாக்டர், இடது பிட்டத்துல. உட்கார்ந்தா வலி, நின்னுக்கிட்டே இருந்தாலும் வலி. நடந்தா கொஞ்சம் குறையும். காலுக்குக் கீழ இறங்கல" என்றேன். டாக்டர் என்னைப் பார்த்து, "நீங்க நர்ஸா?" என்றார். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தை வெளிச்சத்தில் பிடித்து, எலும்பெல்லாம் ஒழுங்காக இருக்கிறது, வயசானால் இப்படித்தான், ஓய்வெடுங்கள் என்றார். மாத்திரை எழுதிக்கொடுத்தார். பஸ்ஸில் வரும்போது அம்மா என் தொடையைக் கிள்ளினாள். "ஊரு பேரு தெரியாத ஆம்பள கிட்ட அந்த வார்த்தைய சொல்லிட்டியேடி."

"வலிக்கிற எடத்த சொல்லாம எப்படிம்மா வைத்தியம் பாப்பாரு?"

"சொல்லித்தான் இன்னாத்த கண்டுபுடிச்சிட்டாரு?"

காரணம் தெரியாத வலி என்பது எனக்குப் பிடிக்காத விஷயம்தான். ஆனால் காரணம் தெரியாமலே ஒரு பாத்தியின் நீரைச் சரிசெய்திருக்கிறேன். எது செய்தால் கூடுகிறது, எது செய்தால் குறைகிறது என்று வரிசையாகப் பார்த்தால் போதும். அம்மாவிடம் அப்படியே சொன்னேன். இனிமேல் வாரத்துக்கு ஒன்று, அதற்கு மேல் யார் எது கொண்டு வந்தாலும் வாசலோடு சரி.

முதல் வாரம் டாக்டர் சொன்ன ஓய்வு. அப்பா அதில் மிகவும் கண்டிப்பாக இருந்தார். தண்ணீர்க் குடத்தைக்கூட அவரே தூக்கினார். அம்மா பாயில் படுத்தபடி கூரையைப் பார்த்தாள். வார முடிவில் அவள் திரும்பிப் படுக்கவே முனகினாள். ஓய்வு உதவாது என்று தெரிந்துவிட்டது.

அடுத்தது நடை. காலையில் பஸ் போகும் ரோட்டில், சமதரையில், அவள் போகிற வேகத்தில். முதல் நாள் டீக்கடை வரை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி. வழியில் பார்த்தவர்கள் எல்லாம், "இன்னாம்மா, காலங்காத்தால எங்க?" என்று கேட்டார்கள். அம்மாவுக்கு வெட்கமாக இருந்தது, வேலை இல்லாமல் யாராவது நடப்பார்களா என்று. அதனால் கையில் ஒரு தூக்குவாளியை எடுத்துக்கொண்டாள். காலி வாளிதான். "பால் வாங்கப் போறேன்" என்று சொல்லிவிடுவாள். அந்த நடையில் வலி குறைந்தது. மத்தியானம் வரை தாங்கியது. சாயங்காலம் அடுப்படியில் நின்றால் மறுபடியும் வந்தது.

ஏன் அடுப்படியில்? அதைக் கவனித்தபோதுதான் கண்ணில் பட்டது. நின்று மாவு சலித்தாலும் துணி பிழிந்தாலும் அம்மாவின் எடை முழுவதும் இடது காலில்தான். வலது கால் சும்மா முன்னால் நீட்டியிருக்கும், எந்த நேரமும் எடுத்து வைக்கத் தயாராக.

"ஏம்மா ஒத்தக் கால்ல நிக்கிற?"

"நான் எங்கடி ஒத்தக் கால்ல நிக்கிறேன்?"

"பாத்தி எப்படி மிதிப்பீங்க? செஞ்சி காட்டு."

வாசல் ஈரமண்ணில் செய்து காட்டினாள். இடது காலை ஊன்றி, வலது குதிகாலால் ஓங்கி ஒரு மிதி. இடது கால் பின்னாலேயே நகர்ந்து வரும். மறுபடி வலது. எப்போதும் வலது. புதுப் பாத்தியில் முதல் அடி வலது காலில் வைக்க வேண்டும் என்பது எல்லா ஊரிலும் இருப்பதுதான். எங்கள் வரிசையோ முதல் அடியோடு நிறுத்தவில்லை. விளைகிற மண்ணை இடது குதிகாலால் மிதிக்கவே கூடாது என்று ஆக்கிக்கொண்டுவிட்டது. மிதிக்கிற கால் வலது. அத்தனை வருடமும் உடம்பைத் தாங்கியது இடது.

இதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. வரிசையில் இருந்த மற்றவர்களுக்கு இந்த வலி இல்லை. ஆனாலும் மாற்றிப் பார்க்கக்கூடிய ஒரு விஷயம் கிடைத்துவிட்டது. ஒரு வாரம் அடுப்படியில் கால் மாற்றி மாற்றி நிற்கச் சொன்னேன். அம்மா மறந்துபோவாள். நான், "கால்" என்பேன். அவள், "போடி" என்றபடியே மாற்றுவாள். வாரக்கடைசியில் சாயங்கால வலி பாதியாகியிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் வரிசையில் அம்மாவுக்கு அடுத்து நிற்பவள் வந்தாள். அம்மாவுக்கு நெடுநாள் கூட்டாளி. வாயாடி. உட்கார்ந்ததும், "யக்கா, குண்டி எப்படி இருக்குது?" என்றாள்.

"மெதுவா பேசுடி. உள்ள அவரு இருக்காரு."

"இருக்கட்டும். அவருக்குத் தெரியாத குண்டியா?" உள்ளே அப்பா இருமினார். "மேஸ்திரி கேக்க சொன்னாரு. நீ வர்றியா, இல்ல என்னை முன்னாடி நிக்கச் சொல்லட்டான்னு."

"நீ இன்னா சொன்ன?"

"கேட்டு சொல்றேன்னு சொல்லிட்டேன். எனக்கு ஆசை இல்லன்னு பொய் சொல்ல மாட்டேங்கா. ஆனா நீ வந்தா நான் பின்னாடிதான்."

அம்மா எழுந்து, இரண்டு கையையும் இடுப்பில் வைத்துப் பின்னால் சாய்ந்து நின்றாள். அப்படிச் சாய்ந்தால் வலி தணியும் என்பதும் நாங்கள் பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்ததுதான். பிறகு, "வர்றேன்னு சொல்லு. ஆனா கால மாத்தித்தான் மிதிப்பேன்" என்றாள்.

"இன்னாது?"

"ஒரு சுத்து வலது. ஒரு சுத்து இடது."

"புதுப் பாத்தியில இடது காலா? யக்கா, மாத்திரை எதனா ஜாஸ்தி போட்டுக்கினியா?"

முன்னால் நிற்பவள் எந்தக் காலை வைக்கிறாளோ அதைத்தான் வரிசை முழுவதும் வைத்தாக வேண்டும். ஒருத்தி மாற்றி வைத்தால் தடங்கள் இடிக்கும், இடையில் மண் புடைத்துக்கொள்ளும். அதனால் இது அம்மாவின் கால் பற்றிய பேச்சு மட்டும் இல்லை. எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். நான் மேஸ்திரியிடம் பேசட்டுமா என்று கேட்டேன். "நீ உன் தண்ணிய பாரு. இத நான் பாத்துக்கறேன்" என்றாள் அம்மா.

பொங்கல் கழிந்து மிதி தொடங்கிய அன்று, நீர் எடுக்கப் போகிற சாக்கில் நானும் வரப்பில் நின்றேன். பாத்தியின் மூலையில் கற்பூரம் ஏற்றினார்கள். அம்மா வரிசையின் முன்னால் போய் நின்று விஷயத்தைச் சொன்னாள். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இடது கால்ல மிதிச்சா உப்பு வெளையுமா?" என்றாள் ஒருத்தி.

"உப்பு உன் கால்லயா வெளையுது? வெயில்ல வெளையுது" என்றாள் அம்மா.

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "வேணாம்மா. வெளையற எடம். வலது கால்தான் வழக்கம்."

"மொத மிதி வலதுதாங்க. அதுல மாத்தம் இல்ல." அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "கோயிலுக்குள்ள போறப்ப வலது கால எடுத்து வெச்சிப் போறோம். அப்புறம் இடது கால வெளியில வுட்டுட்டா போறோம்?"

முதலில் சிரித்தது மேஸ்திரிதான். அதன் பிறகு பெண்களும் சிரித்தபடி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார்கள்.

முதல் சுற்று வலது. அம்மாவின் குரலுக்குப் பன்னிரண்டு குதிகால்கள் ஒரே சத்தமாக விழுந்தன. இரண்டாவது சுற்றில் இடது காலுக்கு மாறியபோது வரிசை குழந்தை நடை போல ஆடியது. ஒருத்தி சறுக்கி அடுத்தவள் மேல் சாய்ந்தாள். வசவும் சிரிப்பும் கேட்டன. மூன்றாவது வலது, நான்காவது இடது என்று போகப் போக இடது கால்களுக்கும் பழகிவிட்டது.

வெயில் ஏறியதும் அம்மாவின் முகம் மாறியது. வலி வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. நான் இறங்கவில்லை. அவள் பின்னால் திரும்பி, "நீ கொஞ்சம் கத்து" என்று கூட்டாளியிடம் சொல்லிவிட்டு வரிசையை விட்டு வெளியே வந்தாள். வரப்பில் ஏறினாள். கைகளை இடுப்பில் வைத்துப் பின்னால் சாய்ந்தாள். பிறகு வரப்பின் கடைசி வரை நடந்து திரும்பினாள். என்னைத் தாண்டிப் போகும்போது, "இருக்குது. இருந்துட்டுப் போவட்டும்" என்றாள்.

திரும்பப் பாத்தியில் இறங்கியபோது வரிசை ஒரு சுற்று முடித்திருந்தது.

"இன்னாக்கா, அதுக்குள்ளயா? நான் இன்னும் ரெண்டு சுத்து கத்தலாம்னு பாத்தேன்."

"நீ கத்துனதுல கொக்குங்கல்லாம் பறந்துடுச்சி. நவுரு."

கூட்டாளி பின்னால் நகர்ந்து தன் இடத்துக்குப் போனாள். அம்மா முன்னால் நின்று, "இது எந்தக் காலு சுத்து?" என்று கேட்டாள்.

"இடது" என்றார்கள் எல்லோரும்.

அம்மா வலது காலை ஊன்றி, இடது குதிகாலை ஓங்கிக் களிமண்ணில் இறக்கினாள்.