ஒரு கைப்பிடி விலாசம்

என் தங்கை என்ன வேலை செய்கிறாள் என்று எங்கள் சொந்தக்காரர்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. அவள் எங்கே குடியிருக்கிறாள் என்பதில்தான் அத்தனை பேருக்கும் அக்கறை. நாசமாய்ப் போன அக்கறை.

அவள் வேலை இதுதான். தலைமை என்று ஒன்று இல்லாமல், ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் நேராகப் பேசிக்கொள்ளும் ஒரு வலைப்பின்னல். புதிதாகச் சேரும் கம்ப்யூட்டருக்கு யாரையும் தெரியாது. பக்கத்தில் இருப்பதிடம், உனக்குத் தெரிந்தவர்களின் விலாசம் கொடு என்று கேட்கும். அது கொடுக்கும், தெரிந்த அத்தனையையும் அல்ல, ஒரு கைப்பிடி. மறுபடி கேட்டால் அதே கைப்பிடிதான். கேட்காமலே எவனாவது விலாசங்களை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டினால், கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு மீதியைத் தள்ளிவிடும். யாருக்கு எவ்வளவு என்று அந்தக் கம்ப்யூட்டர்களுக்கு விதி எழுதுகிறவள் அவள். ஜன்னல் இல்லாத அறையில், ஏசி காற்று நேராகக் கழுத்தில் அடிக்கும் மூலையில், சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"இவ்வளவு கஞ்சத்தனம் எதுக்குடி?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எல்லாத்தையும் சொல்லிட்டா, யாரு யாரோட பேசுறாங்கன்னு ஒருத்தன் மொத்தமாத் தெரிஞ்சுக்குவான்க்கா. அப்புறம் ஒரு ஆளத் தனியாப் பிரிச்சு, சுத்தி முழுக்கத் தன் ஆளுங்களையே நிறுத்திடுவான். அந்த ஆளுக்கு அவன் சொல்றதுதான் உலகம்."

அவள் கல்யாணமே அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. என் மரமண்டைக்கு அது எட்டவில்லை.

அவள் புருஷனுக்கு நான் வைத்த பெயர் பசை. ஒட்டினால் விடமாட்டான். அவளுடைய தோழிகளை ஒவ்வொருவராகக் கழற்றிவிட்டான். அவள் போனில் அவன் வீட்டு ஆட்களின் நம்பர்கள்தான் மிஞ்சின. பிறகு கை நீட்ட ஆரம்பித்தான். ஒருநாள் அவள் ஒரு பையோடு வெளியேறி, சலவைக் கடை ஒன்றின் மாடியில் வாடகைக்குப் போனாள்.

அடுத்த மாதமே அங்கே வந்து நின்றான். எப்படி? மாமா, "பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடிதான் எங்கயோ" என்றாராம். சித்தி, "கீழ துணி வெளுக்குற கடை" என்றாளாம். பெரியம்மா மகன் நீலக் கேட்டைச் சொன்னானாம். முழு விலாசத்தை யாரும் சொல்லவில்லை. அதனால் யார் மேலும் தப்பில்லை. சிறுதுளி பெருவெள்ளம். என் தங்கையை முடியைப் பிடித்துப் படியில் இழுத்தான். இஸ்திரி போடுகிறவர் குறுக்கே விழாவிட்டால் அன்றைக்கே அவள் கதை முடிந்திருக்கும்.

"ஆளுக்குக் கொஞ்சமா அளந்து சொன்னாப் போதும்னு இருந்துட்டேன்க்கா. ஒருத்தனே பத்து வாசல்ல போய்க் கேப்பான்னு ஆபீஸ்ல தினமும் யோசிக்கிறவதான் நான். சொந்தக்காரங்கதானேன்னு விட்டுட்டேன்" என்றாள், உதட்டில் தையலோடு.

மறுபடி வீடு மாறினாள். இந்த முறை அவளே ஒவ்வொருவருக்கும் போன் செய்து, "உங்களுக்கு மட்டும்தான் சொல்றேன்" என்று விலாசத்தை முழுசாகச் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? பட்டும் புத்தி வரவில்லையே இவளுக்கு என்று திட்டினேன். எனக்கும் சொன்னாள்: சினிமா தியேட்டருக்குப் பின்புறம், மூன்றாவது மாடி.

பசை என் வீட்டுக்கு வந்தான். என் மகள் கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். முதலில் அவளிடம் குனிந்து, எந்த ஸ்கூல், எத்தனை மணிக்கு விடுவார்கள் என்று சிரித்துச் சிரித்து விசாரித்தான். அப்புறம் என்னிடம் தங்கையின் விலாசத்தைக் கேட்டான். தெரியாது என்று சொல்லி வெளியே தள்ளினேன். கதவை உதைத்தான், என் விரல் இடுக்கில் மாட்டி நகம் கறுத்துப்போனது. நான் வாய் திறக்கவில்லை. அதில் எனக்கு மகா பெருமை.

மறுவாரம் அம்மா அழுதுகொண்டே போன் செய்தாள். பசை ஒரு ஐஸ் ஃபேக்டரிக்குப் போய் நின்றானாம். வாட்ச்மேன் விரட்டிவிட, திரும்பி வந்து அம்மாவை வாய்க்கு வந்தபடி பேசினானாம்.

"நீ எதுக்கும்மா அவன்கிட்ட சொன்ன?"

"புருஷன் பொண்டாட்டி நாலு வார்த்தை உக்காந்து பேசினா சரியாயிடும்னுதான்."

பெற்றவளிடம் பேசக்கூடாத வார்த்தை ஒன்றைப் பேசிவிட்டுப் போனை வைத்தேன். பிறகுதான் புரிந்தது. சித்திக்கு ஒரு விலாசம், மாமாவுக்கு வேறொன்று, அம்மாவுக்கு ஐஸ் ஃபேக்டரி. அவன் எங்கே போய் நிற்கிறானோ, அதை வைத்து யார் வாய் என்று தெரிந்துவிடும். கெட்டிக்காரி! நேரில் போய்ப் பாராட்ட வேண்டும் என்று அப்போதே கிளம்பினேன்.

தியேட்டருக்குப் பின்புறம், மூன்றாவது மாடி. பல் டாக்டர். வரவேற்பில் இருந்த பெண், "எந்தப் பல்லுங்க?" என்றாள்.

அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து தங்கைக்குப் போன் போட்டேன். "எனக்குமாடி?"

"உனக்கும்தான்க்கா."

"கதவை ஒதைச்சான், நகம் கறுத்துப் போச்சு. அப்பகூட வாயத் தெறக்கலடி நான். இந்தப் பல்லு டாக்டரக் காப்பாத்தவா?"

"உன்ன வெட்டிப் போட்டாலும் சொல்லமாட்ட. தெரியும். உன் பொண்ணு கழுத்துல கைய வச்சிருந்தா?"

அவளே தொடர்ந்தாள்.

"அந்த நேரத்துல சொல்றதுக்கு உன்கிட்ட ஒரு விலாசம் வேணும்லக்கா. அதுக்குத்தான் கொடுத்தேன்."

அவன் என் மகளிடம் குனிந்து ஸ்கூல் விடும் நேரத்தைக் கேட்டது இப்போதுதான் எனக்கு உறைத்தது. எழுந்து படியிறங்கி, ஆட்டோ பிடித்து, நேராக மகளின் ஸ்கூல் வாசலுக்குப் போய் நின்றேன். விலாசத்தைச் சொல்லியிருப்பேன். ஒரு நிமிஷம்கூட யோசித்திருக்க மாட்டேன்.