ஈசான மூலையில் ஒரு குழி

பம்பாய் சயான் ஆஸ்பத்திரியில் எலும்பு முறிந்தவர்கள் கிடக்கும் வார்டில் பேராச்சி பதினான்கு வருஷமாக ஆயாவாக இருந்தாள். படுத்தவரைப் புரட்டிப் போடுவது, கழுவித் துடைப்பது, மாவுக்கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விரல்கள் நீலம் பாய்கிறதா என்று மணிக்கொரு தரம் பார்ப்பது, இவையெல்லாம் அவள் வேலை. வலிக்கிறதா என்று யாரையும் கேட்கமாட்டாள். விரல் நுனியை அமுக்கிவிட்டு, வெளுத்த இடத்தில் ரத்தம் திரும்ப எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுவாள். வாயால் சொல்வதை விட விரல் சொல்வது மேல் என்பது அவள் அனுபவம்.

நாங்குநேரிப் பக்கத்திலிருந்து புருஷனோடு தாராவிக்கு வந்தவள். தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்த அந்த மனிதன் மூன்றாம் வருஷமே காய்ச்சலில் போய்விட்டான். பதினாறாம் நாள் கழிந்ததும் கொழுந்தன் தளவாய் வந்து, "ஊர்ல போயி யாரு கையப் பாத்துக்கிட்டு நிக்கப் போறிய மதினி? இங்கனயே இருங்க" என்றான். யார் யாரையோ பிடித்து ஆஸ்பத்திரி வேலையும் வாங்கிக் கொடுத்தான். அதை அவள் ஒருநாளும் மறந்ததில்லை. அடிக்கடி சொல்லிக் காட்டிக்கொள்வதும் இல்லை.

தளவாய் கொத்தனாராக இருந்து காண்டிராக்டர் ஆனவன். அறுபத்தைந்தாம் வருஷம் தோல் ஷாப்புத் தொழிலாளர்களின் பண்டகசாலைக்கு ஒரு கிடங்கு கட்டும் வேலை அவனிடம் வந்தது. அப்போது அரிசியும் கோதுமையும் கிடைப்பதே பெரிய பாடு. மழை பிடித்துவிட்டால் நாலா என்கிற சாக்கடைக் கால்வாய் பொங்கி சந்துகளில் முழங்கால் தண்ணீர் நிற்கும், கைவண்டி உள்ளே வராது. அதனால் ஜூன் பிறக்குமுன் நூற்றைம்பது மூட்டை கோதுமையை ஒரே தடவையில் இறக்கி வைத்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. மே மாதம் முதல் வாரமே கிடங்கு எழும்பி, வெள்ளையும் அடித்தாகிவிட்டது.

கிடங்கின் பின்சுவரை ஒட்டி முருகம்மாளின் குடிசை. குடிசைக்கு மூன்று பக்கம்தான் தகரம், நாலாவது பக்கத்துக்குக் கிடங்குச் சுவரே சுவர். அவள் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்று பார்க்கப் போன பேராச்சி, கஞ்சித் தண்ணீரில் உப்புப் போட்டுக் கொடுக்கச் சொல்லிவிட்டு எழுந்தபோது சுவரைப் பார்த்தாள். நாலாவைப் பார்த்த மூலையில், தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை, சாய்வாக ஒரு வெடிப்பு.

"ஏட்டி, இது எப்ப வந்துது?"

"போன வாரம் மயிரு கணக்கா இருந்துச்சுக்கா. இப்ப நகம் போவுது. புதுச் சுவருன்னா அப்படித்தானாம், உங்க கொழுந்தன் சொன்னாவ."

பேராச்சி நகத்தை விட்டுப் பார்த்தாள். போயிற்று.

மறுநாள் வார்டுச் சிஸ்டரிடம் கேட்டு, கட்டி தட்டிப்போய்த் தூக்கிப் போட வைத்திருந்த மாவுக்கட்டுத் தூளில் ஒரு பொட்டலம் வாங்கி வந்தாள். இடித்துச் சலித்துக் குழைத்து, வெடிப்புக்குக் குறுக்கே மூன்று இடத்தில் விரல் அகலத்துக்குப் பட்டை போட்டாள். காய்ந்ததும் ஒவ்வொன்றின் மேலும் பென்சிலால் தேதி எழுதினாள். சுவர் நின்றுவிட்டிருந்தால் பட்டை அப்படியே இருக்கும், இன்னும் நகர்ந்தால் பட்டை முறியும், அவ்வளவுதான் கணக்கு. நாலாம் நாள் நடுப்பட்டை முறிந்தது. ஆறாம் நாள் மூன்றுமே முறிந்து, பிளவில் ஒரு பைசாத் துட்டு நுழைந்தது.

மூட்டை லாரி புதன்கிழமை வரும் என்றிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பண்டகசாலைக் கமிட்டிக்காரர்கள் கிடங்குக்குள் கூடினார்கள். தலைவர் அய்யாத்துரை தோல் ஷாப்பில் மேஸ்திரி, நல்ல மனுஷர், எதையும் தேதி தவறாமல் செய்துவிட வேண்டும் என்ற அவசரக்காரர். பேராச்சி எல்லோரையும் பின்பக்கம் முருகம்மாள் குடிசைக்குக் கூட்டிப்போய்ப் பட்டைகளைக் காட்டினாள்.

தளவாய் சிரித்தான். "சுவத்துக்கு மாவுக்கட்டா? நல்லா இருக்கே மதினி! அப்படியே ஒரு கட்டிலும் போட்டு படுக்க வச்சிருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். பேராச்சியும் லேசாகச் சிரித்துவிட்டு, "படுத்துராம இருக்கத்தான் பாக்கேன். இந்த மூலையில அஸ்திவாரத்துக்கு என்னப்பா போட்டே?" என்றாள்.

"கல்லும் முரம் சரளையும்தான். பின்னே என்னத்தப் போடுவாங்க?"

"அப்ப ஒரு குழி தோண்டிப் பாத்துருவோம். கல்லு தட்டுப்பட்டா நான் வாய மூடிட்டுப் போயிருதேன்."

தளவாயின் முகத்தில் சிரிப்பு மறைந்தது. அவன் பதில் சொல்லுமுன் அய்யாத்துரை குறுக்கே வந்தார்.

"என்ன பேசுத பேராச்சி? இது ஈசான மூலை. பூசை போட்டு, செம்புல நவதானியமும் காசும் வச்சுப் புதைச்ச எடம். அன்னைக்கு வந்த அத்தன பேரும் ஒரு பிடி மண்ணு போட்டிருக்கோம். அதுல கடப்பாரையப் போட எவனுக்குக் கை வரும்?"

"யாரும் தொடமாட்டாவ மதினி" என்றான் தளவாய், மெதுவாக.

அந்தக் குரலில் இருந்த நிம்மதியை அவள் கவனித்தாள். வார்டில் அது பழகிய குரல். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் வெந்நீர்ப் பையின் மூடியைச் சரியாகத் திருகாமல் ஒரு கிழவியின் கால்மாட்டில் வைத்துவிட்டாள் பேராச்சி. கால் வெந்துவிட்டது. போர்வையை இழுத்து மூடி, யாரிடமும் சொல்லாமல் அரை நாள் இருந்தாள். சூடு பட்டது சின்னப் புண்தான், அந்த அரை நாள்தான் அதைப் பெரிதாக்கியது. யாராவது போர்வையை விலக்க வரும்போதெல்லாம் "அவங்க தூங்குதாவ" என்று அவள் சொன்னதும் இதே குரலில்தான்.

ஆகவே அவளுக்குக் கோபம் வரவில்லை. குழி மட்டும் தோண்டியாக வேண்டும்.

"பூசையன்னைக்கு நான் வந்தேன் அண்ணாச்சி. தாலி அறுத்தவ கிட்ட வரக்கூடாதுன்னு நாலாவுக்கு அந்தப் பக்கம் நிப்பாட்டிட்டிய. நான் ஒரு பிடி மண்ணும் போடல. அப்ப எனக்கு என்ன தடை?"

அய்யாத்துரை துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். நிறுத்தி வைத்தது அவர்தான். அதை அவள் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. தடை இல்லாத ஆள் ஒருத்தி இருக்கிறாள் என்பதற்காகத்தான் சொன்னாள். கேட்டவர்களுக்கு இரண்டும் சேர்ந்துதான் கேட்டது.

முருகம்மாளைப் பிள்ளையோடு வெளியே வரச்சொல்லிவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். சுவரிலிருந்து ஒரு கை தள்ளி, செம்பு இருக்கும் இடத்தை விட்டுக் கடப்பாரையைப் போட்டாள். மாவுக்கட்டோடு கிடக்கும் ஆம்பிளைகளைத் தூக்கிப் புரட்டிய கைகள். இரண்டடி போனதும் மண் கறுத்தது. பிறகு வந்தது மண்ணே இல்லை. தோல் ஷாப்பில் பதனிட ஊறவைத்து எறிந்த மரப்பட்டைச் சக்கை, நார் நாராக, அழுகிய நாற்றத்தோடு. நடுவே தோல் துணுக்குகள். குழியில் கறுப்புத் தண்ணீர் ஊறியது.

தளவாய் முன்னால் வந்து அவள் கையிலிருந்த கடப்பாரையை வாங்கினான். சுவர்ப் பக்கமாகச் சாய்த்துச் சக்கையில் ஊன்றிக் கையை எடுத்தான். கடப்பாரை தன் கனத்திலேயே மெல்ல இறங்கிக்கொண்டு போயிற்று. பிடிக்க ஒரு சாண் மிச்சம் இருக்கும்போது அவனே குனிந்து பிடித்துக்கொண்டான்.

"தண்ணி ஊறிக்கிட்டே வந்துச்சு மதினி" என்றான், அவளிடம் மட்டும். "எறைக்க எறைக்க வந்துச்சு. இவுக தேதி தேதின்னு நின்னாவ. மத்த மூணு மூலையும் கல்லுதான், சத்தியமா. இங்க மட்டும்... நம்ம குடிசையெல்லாம் சக்கை மேலதான நிக்கி? பதினஞ்சு வருசமா நிக்கில்ல?"

"குடிசையில மனுசன் படுக்கான் தளவாய். இதுல நூத்தம்பது மூட்டைல்லா படுக்கப் போவுது."

அவன் தலையசைத்தான்.

அன்றைக்கே முடிவு செய்தார்கள். மழைக்கு முன் அஸ்திவாரத்தைப் பிரித்துக் கட்ட நாள் இல்லை. பின்சுவரை முழுக்க இடித்து இறக்கிவிடுவது, தார்ப்பாய் கட்டிக்கொள்வது, மூட்டைகளை வாரம் இருபதாக வாங்கி முன்பக்கத்தில் மட்டும் அடுக்குவது. தளவாய் ஆள் வைத்து இரண்டே நாளில் சுவரை இறக்கினான். கூலி அவன் கையிலிருந்து. கிடங்கு மூன்று சுவரோடு மழையை எதிர்கொண்டது.

அந்த மழைக்காலம் பேராச்சிக்கு நல்ல பெயர் வாங்கித் தரவில்லை. வாராவாரம் நாலாத் தண்ணீரில் தலைச்சுமையாக மூட்டை கொண்டுவந்தவர்கள் அவளைத்தான் திட்டினார்கள். இரண்டு வாரம் மூட்டை வரவே இல்லை, கோதுமை இல்லாமல் திரும்பிய பெண்கள் அவள் வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். முருகம்மாள் எல்லோரையும் விட ஒரு படி மேல்.

"சுவரு விழுந்திருந்தாலாச்சும் கமிட்டியில போயி நாக்கப் பிடுங்குத மாதிரி கேப்பேன். நீங்க முன்னாடியே இடிச்சுப் போட்டிய. இப்ப என் வீட்டுக்கு ஒரு பக்கம் சுவரே இல்ல, யாரப் போயி கேக்க?"

"எங்கிட்டத்தான் கேளு" என்றாள் பேராச்சி. "தார்ப்பாயி எங்க ஒழுகுது? காட்டு."

முருகம்மாள் சொன்னதில் நியாயம் உண்டு என்றே அவளுக்குப் பட்டது. விழுந்த சுவரை எல்லோரும் பார்ப்பார்கள். விழாமல் போன சுவரை எவரிடம் காட்டுவது? படுக்கைப் புண் வராமல் வீடு திரும்பும் நோயாளி, தன்னை இரண்டு மணிக்கொரு தரம் தூக்கத்திலிருந்து எழுப்பிப் புரட்டிய ஆயாவைத் திட்டிவிட்டுத்தான் போவான். அவன் நடந்து போகிறான் என்பதோடு ஆயாவின் கணக்கு சரியாகிவிடும். வேறு ஒன்றுக்கும் காத்திருந்தால் அந்த வேலையைப் பார்க்க முடியாது. ஒருவேளை அந்தச் சுவர் விழாமலே கூட நின்றிருக்கலாம். அதையும் அவள் யோசித்தாள். யோசித்த பிறகும் செய்தது தவறு என்று தோன்றவில்லை.

தளவாய் மட்டும் அந்த நாலு மாதமும் அவள் வீட்டுப் பக்கம் வரவில்லை. வழியில் கண்டால் நின்று, "சாப்பிட்டாச்சா மதினி" என்று கேட்டுவிட்டு நடந்துவிடுவான். அவளும் கூப்பிடவில்லை. புண் காற்றாட இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

அக்டோபரில் தண்ணீர் வடிந்ததும் அவன் மறுபடி வேலையைத் தொடங்கினான். சக்கையை முழுக்க வாரிக் கொட்டி, இரண்டு பேரை விடாமல் தண்ணீர் இறைக்கச் செய்து, பின்பக்கம் நெடுகத் தோண்டினான். ஒருநாள் அவள் வேலை முடிந்து வரும்போது முருகம்மாள் வீட்டு முன் நின்றிருந்தான். வேட்டியெல்லாம் சேறு.

"கல்லு போடப்போறேன். மூடுததுக்கு முன்னாடி ஒருவாட்டி பாத்துருங்க மதினி."

"எனக்குக் கட்டட வேலை என்னப்பா தெரியும்?"

"தெரியாட்டா என்ன? நீங்க பாருங்க."

ஆஸ்பத்திரிச் சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டு அவள் குழிக்குள் இறங்கினாள். கடப்பாரையை வாங்கி, இரண்டடிக்கு ஒரு தரம் குத்திக்கொண்டே நடந்தாள். சக்கை போய் அடியில் கெட்டித் தரை வந்திருந்தது, ணங் ணங்கென்று கேட்டது. கடைசி மூலையில் சத்தம் மாறியது. மறுபடி குத்தினாள். நுனியை இழுத்துப் பார்த்தபோது அதில் ஒரு சக்கை நார் ஒட்டியிருந்தது. அதை விரலால் வழித்து அவனிடம் நீட்டினாள்.

"இங்க இன்னும் அரை அடி."

தளவாய் அதை வாங்கிப் பார்த்தான். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கினான்.