பேசிக்கொண்டே ஓடியவன்

எங்கள் தீயணைப்பு நிலையத்துத் தொலைபேசிக்கு நல்ல செய்தி சொல்லிப் பழக்கமில்லை. அன்று காலை அது அடித்தபோது நான்தான் எடுத்தேன். "எந்த இடம்? எப்படி வரணும்?" என்று வழக்கம்போலக் கேட்டேன். கரியாலூர் போகும் மலைப்பாதை, மழையில் ஒரு வளைவில் பைக் சறுக்கிவிட்டது, ஆள் போய்விட்டார் என்றது குரல். வழியைக் கேட்டுக்கொண்டே பெயரையும் கேட்டேன். குமரேசன் என்றார்கள். விடுப்பில் வீட்டுக்குப் போயிருந்த எங்கள் குமரேசன். அவனை அறிந்து இங்கே அவன் நினைவாகக் கூடியிருக்கும் உங்களுக்கு நான் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறேன்? ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வேலைக்கு வருவதற்கு முன்பே அவனை எனக்குத் தெரியும். கச்சிராயபாளையத்திலிருந்து கோமுகி அணைக்குப் போகும் சாலையில் நாங்கள் ஏழெட்டுப் பேர் விடியற்காலையில் ஓடுவோம். எல்லாரும் தீயணைப்பு வேலைக்குத் தயாரானவர்கள். எழுத்துத் தேர்வை எப்படியோ சமாளித்துவிடுவேன். ஆயிரத்து ஐந்நூறு மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் ஓட வேண்டுமே, அதுதான் என் காலை வாரியது. ஒருமுறை தோற்றிருந்தேன். வயது வரம்பு நெருங்கிவிட்டதால் அடுத்ததுதான் கடைசி வாய்ப்பு. அதுவும் போனால் அப்பாவோடு கரும்பு வெட்டப் போக வேண்டியதுதான். அதில் கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் அந்த வேலை அப்பாவின் முதுகை என்ன செய்திருக்கிறது என்று தினமும் பார்ப்பவன் நான்.

பயிற்சி என்று நாங்கள் செய்ததை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. தினமும் செல்போனில் நேரம் வைத்து, தினமும் உயிரைக் கொடுத்து அதே தூரத்தை ஓடுவோம். ஓடி முடித்து மதகுப் பக்கம் குனிந்து வாந்தி எடுத்தவன்தான் அன்றைக்கு ஒழுங்காக ஓடியவன். வாந்தி வராதவன் சோம்பேறி. முழங்காலுக்குக் கீழே எலும்பு விண்விண் என்று வலிக்கும், நேரம் மட்டும் குறையாது. தினமும் பரீட்சை எழுதினோம், ஒரு நாளும் படிக்கவில்லை.

குமரேசன் கரியாலூரிலிருந்து மரவள்ளிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு குட்டியானை வண்டியில் வருவான். சரக்கை இறக்கிவிட்டு எங்களோடு ஓடுவான். அவனும் அதே தேர்வுக்குத்தான் தயாராகிக்கொண்டிருந்தான். ஆனால் ஓடும்போதும் அவன் வாய் மூடாது. சந்தையில் நடந்த சண்டை, மாமன் வீட்டு எருமை, பலாமரத்தில் கரடி ஏறிய கதை. பேச வேண்டும் என்பதற்காகவே மெதுவாக ஓடுவான். மற்றவர்கள் அவனை விட்டு முன்னே பறந்துவிடுவார்கள். கால்வலியால் பின்தங்கிய நான்தான் மாட்டிக்கொண்டேன். நானோ வாயைத் திறக்காத ஆள்.

"இப்படி ஓடினா எப்படிடா பாஸ் பண்ணுவ?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"நீ வேகமா ஓடிக்கினு இருந்தியே, இன்னா கண்ட? வாந்திதான கண்ட?" என்றான்.

கரடி என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ளத்தான் மறுநாளும் அவனோடு ஓடினேன். எந்தக் கதையையும் அவன் ஒரே நாளில் முடிக்க மாட்டான். எனக்கு இரைத்தால், "கேட்டதுக்குப் பதில் வரல. ஜாஸ்தியா ஓடுற, கம்மி பண்ணு" என்பான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மலை அடிவாரத்து ஏற்றத்தில் வேகமாக ஓடுவோம். அங்கே அவனாலும் பேச முடியாது. "வாரத்துல ஒரு நாளு வாய்க்கு லீவு" என்பான். கால்வலி எப்போது போனது என்றே தெரியவில்லை. மற்ற நாட்களில் அணையோடு திரும்பியவர்கள் தினமும் அடிவாரம் வரை போய் வரத் தொடங்கினோம். பல வாரம் கழித்து ஒரு நாள் நேரம் வைத்து ஓடினேன். ஏழு நிமிடத்தை ஒட்டி வந்துவிட்டேன். "நெசமாவா?" என்று என்னைவிட அவன்தான் ஆச்சரியப்பட்டான்.

தேர்வில் இருவருக்கும் ஒரே அணி வாய்த்தது. விசில் அடித்ததும் எல்லாரும் பாய்ந்தார்கள். பயத்தில் நானும் பாய்ந்தேன். மூன்றாவது சுற்றில் கால் கனத்தது. போன முறை தோற்றது நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தபோது குமரேசன் பக்கத்தில் வந்து சேர்ந்தான்.

"எங்க அத்தை வூட்ல நேத்து இன்னா நடந்திச்சி தெரியுமா?"

"யார்ரா அங்க பேசறது?" என்று ஓர் அதிகாரி அதட்டினார். அவன் வாயை மூடிக்கொண்டான். நான் மூடவில்லை.

"இன்னா நடந்திச்சி? பாதியில நிறுத்தாத, சொல்லுடா!" என்று கத்தினேன். அத்தனையும் ஒரே மூச்சில் வந்தது. எனக்குள் இன்னும் மூச்சு மிச்சமிருப்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அதற்குப் பிறகு நான் ஓடிய ஓட்டம்தான் இந்தச் சீருடை. இருவருமே தேறினோம். அத்தை வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை என்று சாயந்திரம் ஒப்புக்கொண்டான்.

நிலையத்திலும் அவன் மாறவில்லை. ஒருமுறை ஆடு மேய்த்த ஓர் அம்மா தண்ணீரில்லாத கிணற்றில் விழுந்துவிட்டார். கயிற்றில் இறங்கும்போதே இவன் பேச ஆரம்பித்துவிட்டான். பேர் இன்னா, எந்த ஊரு, ஆடு எத்தினி. முனகிக்கொண்டிருந்தவர் பதில் சொல்லத் தொடங்கினார். வலையில் மேலே வந்தபோது அவர் அழவில்லை. மலைப் புளிதான் புளிப்பு ஜாஸ்தி என்பதை ஒத்துக்கொள்ள முடியாது என்று அவனோடு வாதாடிக்கொண்டிருந்தார்.

இப்போது அணைச் சாலையில் புதிதாகச் சிலர் ஓடுகிறார்கள். போன வாரம் பார்த்தேன். ஊர்வம்பு பேசிச் சிரித்துக்கொண்டே போகிறார்கள். மதகுப் பக்கம் யாரும் குனிந்து நிற்கவில்லை. அவர்களில் இரண்டு பேர் இந்த முறை தேறியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அன்று வீடு திரும்பும்வரை மனசு லேசாக இருந்தது.

காரியத்தன்று அவன் மனைவி செல்வி என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். "வூட்ல சத்தமே இல்லண்ணா. அதான் தாங்க முடியல" என்றாள். என் சுபாவத்துக்கு நான் தலையைக் குனிந்துகொண்டிருக்க வேண்டும். அன்று பேசினேன். அந்தத் தேர்வு ஓட்டத்தைச் சொல்ல ஆரம்பித்தேன்.

"அது எனக்குத் தெரியுமே" என்று குறுக்கிட்டாள். "நீங்க மயங்கி வுழுந்துட்டீங்களாம். இவருதான் உங்கள தோள்ல போட்டுக்கினு ஓடி கோட்டத் தாண்டினாராம். எத்தினி தடவ சொல்லியிருக்காரு!"

சுற்றி இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். அவன் விட்ட கதைகளிலேயே பெரிய கதை அதுதான்.

"ஆமாம்மா, தூக்கிக்கினுதான் ஓடினான்" என்றேன்.

செல்வி சிரித்தாள். அவன் போன பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான் என்று அவளுடைய அம்மா சொன்னார். அவனிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் கதையைத்தான். நீங்கள் யார் கேட்டாலும் அப்படியே சொல்வேன். பொய் சொல்வதாக எனக்குத் தோன்றாது.