ஆறுமணிக் குருவி

இன்று மாலை எங்கள் அபார்ட்மெண்ட் வாசலில் பெருக்கிக் குவித்திருந்த ஈரச் சருகின் வாடை வந்ததுமே நின்றுவிட்டேன். பட்டாபிராமில் சின்ன வயதில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த களாப்புதர்க் காட்டின் வாடை அது. அந்தக் காட்டை அழித்த இடத்தில்தான் இந்த அபார்ட்மெண்ட் நிற்கிறது.

ஐப்பசி மழையோடு வடக்கிலிருந்து ஆறுமணிக் குருவி அங்கே வந்து சேரும். பச்சை முதுகும் நீலத் தோளும் வாலடியில் குங்குமச் சிவப்புமாக இத்தனை நிறத்தை வைத்துக்கொண்டும், பகலெல்லாம் புதருக்கடியில் சருகைப் புரட்டிப் புழு தேடிக்கொண்டிருப்பதால் யார் கண்ணிலும் படாது. விடியலிலும் அந்தியிலும் மட்டும் இரண்டே இழுப்பாக விசிலடிக்கும்.

அண்ணனும் வேலிப் படலைத் திறக்கச் சொல்லி அப்படித்தான் விசிலடிப்பான். வேலைக்கென்று சென்ட்ரலுக்கு ரயிலேறியவன் திரும்பாமலே போன பிறகு, குருவி கூப்பிடும் அந்திகளிலெல்லாம் அம்மா அடுப்பை விட்டு எழுந்துபோய்ப் படலைத் திறந்தாள்.

"குருவி கத்துதுடி, உள்ள வா," என்பார் நைனா.

"எனுக்குத் தெரியாதா? தொறந்து வெச்சா இன்னா கொறஞ்சிடப் போவுது?"

பங்குனி பிறந்தால் குருவி வடக்கே போய்விடும். அதன்பிறகு அம்மா அந்தியில் அடுப்பை விட்டு எழமாட்டாள்.

சருகின் வாடையோடு வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திய சற்று நேரத்தில், கீழே கார்கள் நிற்கும் இருட்டிலிருந்து அதே இரண்டு இழுப்பு கேட்டது.

"யாரும்மா வந்திருக்காங்க?" என்றாள் மகள்.

"யாருமில்ல, குருவி," என்றேன். என் கை அதற்குள் தாழ்ப்பாளை நீக்கியிருந்தது.