ரீஸ்டார்ட் மாமா

சர்வர் மந்தமானால் அக்கா புருஷனுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம், அணைத்துப் போடுவது. மருந்து மொத்த வியாபாரக் கம்பெனியில் கணினிப் பிரிவுக்கே அவர்தான் தலைவர். ஆபீசில் அவருக்கு ‘ரீஸ்டார்ட்’ என்று பெயர். அவருக்குக் கீழே டேட்டாபேஸைப் பார்த்துக்கொண்டவள் அவருடைய மைத்துனி. அக்காவுக்காகத்தான் அந்த மனுஷனைச் சகித்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானமானால் பில் போடவே திணறியது. அவர் அணைத்துப் போடுவார். வேகம் கொஞ்ச நேரம் வரும். ஆனால் ஸ்டாக் ரிப்போர்ட் எடுக்கும் சர்வீஸ் படுத்துவிடும். அதை யாராவது கையால் எழுப்ப வேண்டும்.

அவள் சர்வரிடமே கேட்டாள். நாலு வரி க்வெரி, சர்வருக்குப் புரியும் மொழியில் ஒரு கேள்வி. என்ன செட்டிங், எந்த சர்வீஸ் எப்படிக் கிளம்புகிறது என்று அது ஒளிவுமறைவில்லாமல் சொன்னது.

“மாமா, மெஷின்ல இருக்கிற மெமரியில கால்வாசியைக்கூட சர்வர் தொட முடியாது. நீங்க போட்ட லிமிட் அது. ரிப்போர்ட் சர்வீஸும் மேனுவல்ல இருக்கு. ரெண்டையும் மாத்தினா போதும்.”

“நாலு வரி தட்டினதும் பெரிய டாக்டராயிட்டியா? மெஷின் கிழடாயிடுச்சும்மா.”

முதலாளி காதைக் கடித்துப் புது மெஷின் வாங்க வைத்தார். பழைய செட்டிங்கை அச்சு மாறாமல் அதில் ஏற்றினார். முதல் நாள் மத்தியானமே புதுசும் மூச்சு வாங்கியது.

அவள் மேஜைக்கு வந்து குரலைத் தாழ்த்தினார். “அந்தக் க்வெரியைக் கொஞ்சம் ஓட்டிப் பாரேன்.”

ஓட்டினாள். அதே பதில்தான். லிமிட்டை உயர்த்தினாள், சர்வீஸ் தானாகக் கிளம்பும்படி மாற்றினாள். பில்கள் பறந்தன.

“புது மெஷின் பவரே தனி சார்” என்று அவர் முதலாளியிடம் சொன்னது அவள் காதில் விழுந்தது. சிரிப்புக்கூட வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்ட அக்கா, “உங்க மாமா இல்லேன்னா கம்பெனியே படுத்திருக்குமாமே” என்றாள். பெருமையில் அவள் முகம் பூரித்திருந்தது. அவர் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

“ஆமாக்கா” என்றாள் தங்கை. அப்படிச் சொன்ன தன் வாயின்மேலும் அவளுக்குக் கொஞ்சம் அருவருப்பு வந்தது.

கை கழுவும் இடத்தில் அவர், “அந்த நாலு வரியை எனக்கு மெயில்ல போட்டுடும்மா” என்றார். போட்டாள்.

மறுநாள் காலை அது ஆபீஸ் முழுவதற்கும் வந்தது, அடியில் அவர் பெயரோடு. தன் கைவரிசை தெரிய வேண்டுமென்று அவரே திரும்பத் தட்டியிருந்தார். நடுவில் ஒரு கமாவைக் காணோம். யார் ஓட்டினாலும் ஓடாது.

அவள் மெயிலை மூடிவிட்டு டீ குடிக்கப் போனாள்.