புறப்பட்ட நாளின் திதி

திவச வீட்டுக்குப் பிறந்தநாள் கேக் காவிக்கொண்டு போனவள் இந்த லண்டனில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அதுவும் மெழுகுதிரியோடு. இப்போது நினைத்தாலும் காது மடல் சுடுகிறது. ஆனால் அந்தக் கேக் இல்லாவிட்டால் என் தம்பிக்கு இன்றுவரை ஒரு பிடி சோறு படைத்திருக்க மாட்டோம். அதனால் மறைக்காமல் எழுதுகிறேன்.

வால்தம்ஸ்டோவில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தின் சமையலறையில் எனக்கு வேலை. என்னோடு வேலை செய்பவர் ஒரு வியட்நாம்காரி, என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வயதில் மூத்தவரை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அவர்கள் ஊரிலும் மரியாதையில்லையாம். ஆகவே அது அவருக்குப் பிடித்துப் போயிற்று. பதிலுக்கு என்னைத் தன் பாஷையில் தங்கச்சி என்பார். எங்கள் இருவருக்கும் நடுவில் ஓடுவது கிச்சன் இங்கிலீஷ். அதை அப்படியே எழுதினால் வாசிக்கிறவர் பாவம். அக்கா சொன்னதை எல்லாம் என் வாய்க்கு வந்த யாழ்ப்பாணத் தமிழிலேயே தருகிறேன்.

அந்த மாசி மாதம் எங்கள் வீட்டில் பெரிய சண்டை. எனக்கும் அம்மாவுக்கும். அம்மா என்னோடுதான் இருக்கிறார், எண்பது தாண்டிவிட்டது. விண்டர் முழுக்க நெஞ்சுச் சளி. ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு வந்த கையோடு கட்டிலில் இருந்தபடி சொன்னார்:

“பிள்ளை, தம்பிக்கு ஒரு திவசம் செய்யவேணும். நானும் போயிட்டா அவனுக்கு ஆர் ஒரு வாய் தண்ணி வைக்கிறது?”

நான் கல்யாணம் முடித்து லண்டனுக்கு வெளிக்கிட்டபோது தம்பிக்குப் பத்தொன்பது வயது. என் சூட்கேசை பஸ்ஸில் தூக்கி வைத்துவிட்டு, “அக்கா, அங்கை போய் வெள்ளைக்காரரோட சண்டை பிடியாதை, அதுகள் பாவங்கள்” என்றான். அவன் கடைசியாக எனக்குச் சொன்னது அதுதான். சில வருடங்களுக்குப் பிறகு, எங்கள் ஊரில் வேறொரு நாட்டின் ஆமியும் வந்து இறங்கியிருந்த காலத்தில், வீட்டிலிருந்து சைக்கிளில் போனவன் திரும்பி வரவில்லை. எந்த முகாமிலும் ஆளில்லை. உடலும் இல்லை. இங்கிருந்தபடி நான் விசாரிக்காத ஆளில்லை, எழுதாத இடமில்லை. யாராவது “செத்துப்போனான்” என்று வாயெடுத்தால் அவர்களோடு பேச்சை முறித்துக்கொள்வேன். அப்படி முறித்த சொந்தங்கள் தோர்ண்டன் ஹீத்தில் மட்டும் இரண்டு குடும்பம். இப்போது பெற்ற தாயே சொல்கிறார்.

“உயிரோட இருக்கிறவனுக்குத் திவசமோ? உங்களுக்கு என்ன விசரோ?” என்று கத்தினேன். நோயாளி என்றும் பார்க்கவில்லை.

அம்மா விடுகிற ஆளா? கோயில் ஐயருக்குத் தானே போன் எடுத்தார். ஐயர் திதி கேட்டார். தெரியாது என்றதும், திதி தெரியாதவர்களுக்கு அமாவாசையில் செய்யலாம் என்றார். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை.

“அமாவாசை எல்லாருக்கும் பொது. என்ர பிள்ளை என்ன அநாதையோ? அவனுக்கெண்டு ஒரு நாள் வேணும்.”

எனக்கு அப்பாடா என்றிருந்தது. “அதைத்தானே நானும் சொல்லுறன். செத்த நாள் தெரியாமல் என்னெண்டு திவசம் செய்யிறது? பேசாமல் படுங்கோ” என்றேன். அதற்குப் பிறகு அவர் கேட்ட நேரமெல்லாம் இந்த ஒரே பதிலை வைத்தே வாயை அடைத்தேன்.

அந்த நாட்களில்தான் பள்ளிக்கூடத்தில் சரித்திர வகுப்புக்கு வெளியே சுவர் நிறையப் படம் ஒட்டினார்கள். வியட்நாம் யுத்தம். ஹெலிகொப்டர், புகை, சேற்றில் நிற்கும் அமெரிக்கச் சிப்பாய்கள். தட்டுகள் அடுக்கிய ட்ரொலியைத் தள்ளிக்கொண்டு இருவரும் அந்த வழியால் வந்தோம். “அக்கா, உங்கடை ஊர் சுவரில தொங்குது, பாருங்கோ” என்று நான் பகிடி விட்டேன். அக்கா ட்ரொலியை நிறுத்திவிட்டு ஒவ்வொரு படமாகப் பார்த்தார். அவர் ஊர் மனிதர் என்று அதில் இருந்தது ஓடுகிற ஒரு பெண்ணின் முதுகு மட்டும்.

“கதையைப் பாதியில இருந்து துவங்கியிருக்கினம்” என்றார்.

முதல் பாதியை அன்று தேநீர் நேரத்தில், குப்பைத் தொட்டிகள் நிற்கும் பின்வாசலில் வைத்துச் சொன்னார்.

“என்ர அப்பா எங்களை ஆண்ட பிரெஞ்சுக்காரனை அனுப்பத்தான் போனவர். எங்கடை வீட்டை எங்களிட்டைத் தந்திட்டுப் போ எண்டு கேட்ட சண்டை. அவ்வளவுதான். பிரெஞ்சுக்காரன் தோத்துப் போக, அப்பா காலில வெடி பட்ட காயத்தோட வந்து, முடிஞ்சுது, இனி வயலைப் பாப்பம் எண்டவராம். நான் அப்ப பிறக்கவே இல்லை.”

சண்டை முடியவில்லை. தூரத்து நாடொன்றில் பெரிய நாடுகள் எல்லாம் மேசையைச் சுற்றி இருந்து, நாட்டை நடுவால் ஒரு கோடு போட்டுப் பிரித்தன. கொஞ்ச நாளைக்குத்தான், பிறகு தேர்தல் வைத்து ஒன்றாக்கலாம் என்றார்களாம். தேர்தல் வரவேயில்லை. தெற்கில் அமெரிக்கர் முதலில் ஆலோசனை சொல்ல வந்தார்கள். பிறகு ஆயுதம் வந்தது, பிறகு விமானம், பிறகு கப்பல் கப்பலாக இளந்தாரிகள். அவர்களுக்குத் துணையாகக் கொரியாக்காரர், அவுஸ்திரேலியர். வடக்குக்கு ரஷ்யாவும் சீனாவும் துவக்கும் தோட்டாவும் கொடுத்தன. சண்டை பக்கத்து லாவோசுக்கும் கம்போடியாவுக்கும் தாவியது.

“ஆர் ஆரோ வந்து எங்கடை முற்றத்தில நிண்டு அடிபட்டினம். அப்பாவின்ர சண்டை அதுக்குள்ள எங்க போச்சுதெண்டு அப்பாவுக்கே தெரியேல்லை. அண்ணா படிக்கவேணும் எண்டு நிண்டவர். கடைசியில வடக்கு ஆமிக்கு அண்ணாவையும் எடுத்து, மலைக்காட்டுப் பாதையால தெற்குக்கு நடத்திக் கொண்டு போயிட்டாங்கள்.”

எங்கள் ஊர்ச் சண்டையும் எங்கள் பாஷை, எங்கள் பள்ளிக்கூடம், எங்கள் காணி என்றுதான் தொடங்கியது. ஆயுதம் எங்கிருந்தெல்லாம் வந்தது, யார் யார் வந்து இறங்கினார்கள், யார் பக்கம் யார் நின்றார்கள் என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்கு ஒழுங்காகச் சொல்லத் தெரியாது. என் தம்பிக்கும் தெரிந்திருக்காது. சைக்கிள் மட்டும்தான் அவனுக்கு உலகம். அண்ணா பிறகு என்ன ஆனார் என்று கேட்க வாயைத் திறந்தேன், மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்றார்கள்.

இரண்டு கிழமை கழித்து அக்கா என்னிடம், “ஞாயிற்றுக்கிழமை அண்ணாவுக்கு விருந்து வைக்கிறம். நீயும் வா” என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. போனவர் வந்துவிட்டார்! அத்தனை குண்டுக்குள்ளும் போனவரே வீடு திரும்பி, இன்றைக்கு உட்கார்ந்து விருந்து சாப்பிடுகிறார் என்றால், என் தம்பி மட்டும் ஏன் வரமாட்டான்? என்ன வாங்க வேண்டும் என்று அக்கா விரல் மடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்: முழுக் கோழி, பன்றி இறைச்சி, இரண்டு பெட்டி பியர். கிழவனாருக்குப் பிறந்தநாள்தான், வேறென்ன? எங்கள் வீடுகளில் திவசமென்றால் மீன், இறைச்சி காய்ச்சும் மச்சச் சட்டியைக்கூட அடுப்பில் ஏற்றமாட்டோம். பியருக்கும் திவசத்துக்கும் முடிச்சுப் போட எந்தத் தமிழச்சிக்கு மூளை ஓடும்?

கிறீம் பூப் போட்ட கேக், மெழுகுதிரி, மேலே ஆங்கிலத்தில் வாழ்த்து. ஹக்னியில் அக்காவின் கவுன்சில் வீட்டுக்குப் போனேன். உள்ளே ஒரே சிரிப்பும் இரைச்சலும். சின்னதுகள் காலுக்குள் ஓடின. சுவரில் உயரத்தில் ஒரு பலகைத் தட்டில் இளந்தாரி ஒருவனின் படம் இருந்தது. மாலை இல்லை, பொட்டு இல்லை. ஆகவே உயிரோடிருக்கும் ஆளின் வாலிபப் படம் என்றே நினைத்தேன். கேக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, என் வழக்கமான தொண்டையில், “எங்கை பிறந்தநாள்காரர்?” என்று கேட்டேன்.

ஓடித் திரிந்த சின்னதுகள்கூட நின்று என்னைப் பார்த்தன. அக்கா அந்தப் படத்தைக் காட்டினார். அப்போதுதான் படத்துக்கு முன்னால் ஊதுபத்தி எரிவதைப் பார்த்தேன். அவித்த கோழி, எங்கள் பொங்கல் மாதிரி ஒரு புக்கை, சுருட்டிப் பொரித்த பலகாரம், ஒரு கிளாஸில் பியர், எல்லாம் அவனுக்கு வைத்திருந்தது. ஐயோ! நிலம் பிளந்து என்னை விழுங்கக்கூடாதா என்றிருந்தது.

அக்கா என் கையிலிருந்து கேக்கை வாங்கினார். மெழுகுதிரியைக் குத்திக் கொளுத்தி, கோழிக்கும் புக்கைக்கும் நடுவில் இடம் ஒதுக்கி வைத்தார்.

“அண்ணா கேக்கைக் கண்ணால கண்டதில்லை. இண்டைக்குச் சாப்பிடட்டும்” என்றார்.

ஊதுபத்தி எரிந்து முடியும்வரை ஒருவரும் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. அதுவரை அவன் சாப்பிடுகிறானாம். நான் அடுப்படிப் பக்கம், குசினிக்குள் ஒதுங்கினேன். பின்னால் வந்த அக்காவிடம், “எப்ப செத்தவர்?” என்று கேட்டேன்.

“தெரியாது. எந்த இடம், எந்த நாள், ஒண்டும் வரேல்லை. இண்டைக்குத்தான் அண்ணா வீட்டை விட்டு வெளிக்கிட்ட நாள். நாள் தெரியாத பிள்ளையளுக்கு எங்கடை ஊரில கனபேர் இப்பிடித்தான் செய்யிறவை. கடைசியாக் கண்ட நாள்தானே எங்களிட்டை இருக்கிறது?”

யுத்தம் முடிந்த பிறகு சீனாவோடு பிணக்கு வந்ததாம். அக்காவின் தாய் சீன வழி. இருக்க விடவில்லை. தாயும் மகளும் படகேறினார்கள். அப்பா வரவில்லை. மகன் வந்தால் கதவைத் திறக்க ஆள் வேண்டும் என்று அந்தக் காலோடு அங்கேயே இருந்துவிட்டார். அவனுடைய படத்தைப் படையல் தட்டில் வைக்க ஒருவரையும் விடவில்லை.

“கனகாலம் விடேல்லை. பிறகு தனக்கு ஏலாமல் வர, தானே படத்தைத் துடைச்சு எடுத்து வைச்சவராம். நானும் போயிட்டா இவனுக்கு ஆர் சாப்பாடு வைக்கிறது எண்டு கேட்டவராம்.”

அதே சொல். என் அம்மா கேட்ட அதே சொல். கைகழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். தம்பி செத்துப்போனான் என்று நான் எனக்குச் சொல்லி அழுதது அன்றைக்குத்தான். அக்கா என் முதுகைத் தடவிக்கொண்டு நின்றார்.

வீடு வந்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேக் கதை கேட்டு அவர் இருமி இருமிச் சிரித்தார். பிறகு, “முட்டை போட்ட கேக்கோ?” என்றார்.

“ஓமம்மா.”

“பரவாயில்லை. பொடியன் ஆசையாச் சாப்பிட்டிருப்பான்.”

நான் அவருடைய கட்டிலில் இருந்தேன். “அம்மா, தம்பி வெளிக்கிட்ட நாள் உங்களுக்கு ஞாபகம் இருக்கோ? அதை வைச்சுச் செய்யலாமாம்.”

“சித்திரைப் பறுவம்” என்றார், யோசிக்காமல். “கோயிலில கஞ்சி வாங்கிக்கொண்டு வந்து வைச்சனான். சுடுகுது, ஆறட்டும், வந்து குடிக்கிறன் எண்டிட்டுச் சைக்கிளை எடுத்தவன்.”

சித்திரை மாதப் பௌர்ணமியான அந்தப் பறுவத்தன்று, தாயை இழந்தவர்கள் விரதமிருப்பது எங்கள் வழக்கம். லண்டனுக்கு வந்த நாளிலிருந்து அம்மா ஒவ்வொரு வருடமும் இருக்கிறார். கஞ்சி காய்ச்சி எங்களுக்கெல்லாம் தந்துவிட்டுத் தான் வாயில் வைக்க மாட்டார். கொஞ்சம் குடித்தால் என்ன குறைந்து போகும் என்று நானும் வருடா வருடம் திட்டியிருக்கிறேன். தன்னுடைய தாய்க்காகத்தான் இவ்வளவு கடுமை பிடிக்கிறார் என்று நினைத்தேன்.

“அப்ப அது அம்மம்மாக்கு இல்லையோ?”

“அம்மாக்கு விரதம். கஞ்சி அவனுக்கு” என்றார். “வந்து குடிக்கிறன் எண்டு சொல்லிப்போட்டுப் போனவன். அவன் குடிக்காமல் நான் என்னெண்டு குடிக்கிறது?”

அந்தச் சித்திரைப் பறுவத்துக்கு வேலைக்கு லீவு சொன்னேன். தம்பியின் படத்தை ஆல்பத்திலிருந்து எடுத்து ஃபிரேம் போட்டு, முன்னறை மேசையில் வைத்தேன். பூமாலையைக் கையில் எடுத்து, அதன் நூல் நுனியை முடிவதும் அவிழ்ப்பதுமாக நின்றேன். “போடு பிள்ளை” என்றார் அம்மா. போட்டேன். அக்கா தோடம்பழத்தோடு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, தன் அண்ணாவைக் கும்பிட்ட மாதிரியே மூன்று முறை குனிந்து கும்பிட்டார்.

பயறு போட்டு, தேங்காய்ப்பால் விட்டுக் காய்ச்சிய கஞ்சியை ஒரு கிண்ணத்தில் ஊற்றிப் படத்துக்கு முன் வைத்தேன். ஆவி பறந்தது. கற்பூரம் கொளுத்தப் போனேன், அம்மா கையைப் பிடித்தார்.

“பொறு. ஆறட்டும்.”

வெளியே பஸ் ஒன்று நின்று போனது. அம்மா எழும்பிப் போய்க் கிண்ணத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார், வந்து இருந்தார். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தொட்டார்.

“இப்ப சரி” என்றார். நான் கற்பூரம் காட்டினேன்.

அது எரிந்து அணையும்வரை அம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “எனக்கும் கொஞ்சம் விடு, பிள்ளை” என்றார்.

ஊற்றிக் கொடுத்தேன். அம்மா இரண்டு கையாலும் கிண்ணத்தைப் பிடித்து, அடிவரை குடித்தார்.