மணல் மூட்டை சுமந்த சனிக்கிழமைகள்

எங்கள் சபையின் ஆண்கள் ஐக்கியம் பல வருடங்களாக டீயும் வடையும் சாப்பிட்டுக் கலைந்துகொண்டிருந்த கூட்டம். அதன் தலைவர் பி.டி. வாத்தியார். ஒரு வீடியோவைப் பார்த்து அவருக்குத் திடீரென்று ஞானம் பிறந்தது. ஆணுக்கு உடல் உறுதி வேண்டும், சகோதரனின் பாரத்தைச் சுமக்க வேண்டும், தலைவன் தன்னையே தியாகம் செய்ய வேண்டும் என்றார். விளைவு, சனிக்கிழமை காலை ஐந்தரைக்குப் பூதலூரில் ஒன்பது பேர், ஆளுக்கொரு யூரியா சாக்கில் இருபது கிலோ மணலோடு ஓட்டம்.

மணலை எங்கே கொட்டுவது என்று கேட்டேன். கொட்டக் கூடாதாம். எடுத்த இடத்துக்கே திரும்பச் சுமந்து வர வேண்டுமாம். நாற்பத்தெட்டு வயதில், சர்க்கரை மாத்திரையை விழுங்கிவிட்டு இது எனக்குத் தேவையா? தலைவன் கடைசியில்தான் ஓட வேண்டும் என்று ஒரு சட்டம் வேறு. எல்லோருக்கும் தலைவராக ஆசை. "நீங்க முன்னால போங்க பிரதர்" என்று ஆளாளுக்கு வழிவிட்டதில் ஓட்டம் நடையாகிவிடும்.

வருகைப் பதிவை என் தலையில் கட்டினார்கள். வாட்ஸ்அப் குழுவில் வந்தவருக்குப் பச்சை வட்டம், வராதவருக்குச் சிவப்பு.

தை மாதம், குத்தகை நிலத்தில் சம்பா போட்டிருந்த ஒரு பிரதர் தொடர்ந்து இரண்டு வாரம் வரவில்லை. சிவப்பு வைத்தேன். 'சகோதரரின் சோம்பலை நீக்கும் ஆண்டவரே' என்று தலைவர் குழுவில் ஜெபம் எழுதினார். வரிசையாக ஆமென் விழுந்தது.

மூன்றாவது சனிக்கிழமை காற்றும் தூறலுமாக இருந்தது. திரும்பிவிடலாம் என்றேன். மழைக்கு ஒதுங்குகிறவர்களா நாம் என்றார் தலைவர். அரசு நெல் கொள்முதல் நிலையத்தை நெருங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. அங்கே திறந்த வெளியில், குவித்த நெல்லுக்கு முன்னால் அந்தப் பிரதர் தனியாகப் படுதாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஒரு முனையைக் காலால் மிதித்தால் மறு முனை பறந்தது. அவருடைய சம்பா மொத்தமும் அதற்கடியில் கிடந்தது. எடை போட முறை வராமல் இரண்டு வாரமாக அதற்குக் காவல் படுத்திருக்கிறார். அந்த இரண்டு சனிக்கிழமையும் அதே வழியாகத்தான் குனிந்த தலை நிமிராமல் ஓடியிருக்கிறோம்.

முதலில் ஓடியவர் தலைவர்தான், அதைச் சொல்லியாக வேண்டும். தன் மூட்டையைப் படுதாவின் ஓரத்தில் போட்டார். எட்டு மூட்டைகளையும் சுற்றி வைத்த பிறகுதான் படுதா அடங்கியது. அதற்குள் ஒரு பக்கத்து நெல் நன்றாக நனைந்துவிட்டது.

எனக்குக் கோபம் தாங்கவில்லை.

"ஒரு போன் பண்ணக் கூடாதா பிரதர்?"

"சனிக்கிழமை காலையில நீங்கல்லாம் மூட்டையோட ஓடிட்டிருப்பீங்க. தொந்தரவு பண்ண வேணாம்னு விட்டுட்டேங்க."

அதில் குத்தல் எதுவும் இல்லை. அப்பாவியாகத்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்து, தலையைக்கூடத் துவட்டாமல் சிவப்பு வட்டங்களை அழிக்கப் பார்த்தேன். பழைய செய்தியை இனி எல்லோருக்கும் அழிக்க முடியாது என்றது போன். அதற்குக் கீழே அந்த ஜெபம் இருந்தது. அதற்குக் கீழே எட்டு ஆமென். தலைவரையும் அந்தப் பிரதரையும் விட்டால் நாங்கள் ஏழு பேர்தானே என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

முதல் ஆமென் என்னுடையது. எட்டாவது, நெல்லுக்குக் காவல் படுத்திருந்த அவருடையது.